ஒப்பாரித் தட்டுக்கு ஒரு நாள்

கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் உமறுலெப்பை முதலாளியின் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அந்த இசைத்தட்டு பல வருடங்களாகக் கித்துள் பனையின் இனிப்புப் பாணி வைத்த பானைக்கு மூடியாக இருந்தது. நடுவில் துளை இருந்ததால் பானைக்குக் காற்றும் போய் வந்தது, எறும்பும் அதிகம் ஏறவில்லை. முதலாளியின் மனைவி சித்தி றலியாவுக்கு அதைவிடப் பொருத்தமான மூடி கிடைத்ததில்லை.

அம்புறோஸ் அன்று போனது வேறு தட்டுகளுக்காக. தேயிலைத் தோட்டங்களை விட்டுப் போகிறவர்களின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்பது உமறுலெப்பையின் வியாபாரம். அவற்றோடு வரும் பழைய பாட்டுத் தட்டுகளைக் கேட்பார் யாரும் இல்லை. கண்டியில் ஒரு பஸ் கம்பனியில் எழுத்தராக இருந்த அம்புறோஸ் மட்டும் தன் கம்பனி பஸ்ஸில் ஏறி வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போவார்.

"இன்னம் ஒண்டு ஈந்திச்சே," என்று உமறுலெப்பை யோசித்துவிட்டு உள்பக்கம் திரும்பினார். "புள்ள, அந்தப் பாணிப் பானைட மூடிய எடுங்க."

"அது எனக்குத் தேவ," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேற சட்டி ஒண்டு தாரேன். மனுசன் கண்டியில ஈந்து வந்தீக்கிறார்."

 பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தமும் தும்பால் தேய்க்கும் சத்தமும் கேட்டன. அம்புறோஸ் எழுந்து நின்றார். அதற்குள் திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. தட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"பாணி பிசுபிசுண்டு ஈந்திச்சு. சுடுதண்ணியில போட்டு நல்லாக் கழுவித் தந்தீக்கேன்னு செல்லுங்க," என்றாள் சித்தி றலியா. விருந்தாளிக்குக் கொடுக்கும் பொருளை அழுக்காகக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நடுவில் ஒட்டியிருந்த காகிதம் தண்ணீரோடு போய்விட்டது. ஓரத்திலிருந்து உள்நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அம்புறோஸ் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். 

கண்டி கட்டுக்கலையில் இருந்த தன் வீட்டில் அவர் அதைக் கிராமபோன் பெட்டியில் ஏற்றினார். உருக்கு முள் விரிசலைப் பெரிதாக்கிவிடும் என்று பயந்து, காய்ந்த எலுமிச்சை முள் ஒன்றைச் சீவிப் பொருத்தினார். முதலில் கரகரப்பு. அதன் மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று விரிசலின் சத்தம். பிறகு ஆர்மோனியம். பிறகு ஒரு பெண்.

பெரிய வெள்ளியன்று கோவிலில் பாடும் ஒப்பாரி அது. மகனின் உடலை மடியில் போட்டுக்கொண்டு தாய் மரியாள் அழுவது. கண்டிக் கோவிலில் அதை அச்சுப் புத்தகத்தைப் பார்த்து, அளந்து அளந்து, படி ஏறுவது போலப் பாடுவார்கள். இவள் அப்படிப் பாடவில்லை. உச்சியில் தொடங்கி, வரி முடியும்வரை மூச்சு விடாமல், தோட்டத்துச் சாவு வீட்டில் பெண்கள் அழுதுகொண்டே இறங்குவது போல இறங்கினாள். 'ஆணி எறங்கின கைய அமுக்கிவிட ஆளில்லையே' என்ற இடத்தில் ஆர்மோனியக்காரன் வழி தவறிவிட்டான். அதற்குப் பிறகு ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டு அவள் வருவாள் என்று காத்திருந்தான். அவள் வரவில்லை.

அந்தக் காலத்துத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வது வழக்கம். இதிலும் சொன்னாள். யாரோ இடித்துச் சொல்லச் சொன்னது போல, அவசரமாக, வெட்கத்தோடு. "புசல்லாவ சவரியாயி."

அவர் மனைவி பியட்றிஸ் ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"தோட்டத்து ஆளாங்க?"

"பேரைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

"தோட்டத்து ஆளுங்களையெல்லாம் பிளேட்டுல புடிச்சாங்களா?"

அதுதான் அம்புறோஸையும் உலுக்கியது. அவரிடம் இருந்த தட்டுகளின் காகிதங்களில் சங்கீத வித்துவான்களின் பெயர்கள் இருந்தன, நாடகக்காரர்களின் பெயர்கள் இருந்தன. மடுல்கெல்லையில் கொழுந்து பறித்த ஒருத்தியின் மகனான அவர், தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் பெயரைத் தானே சொல்லும் தட்டை அதுவரை கேட்டதில்லை. இருபது இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு கொழும்புக்கு வந்து ஒலிப்பதிவு செய்த ஏதோ ஒரு கம்பனிக்காரனின் கையில் அவள் எப்படி அகப்பட்டாள் என்று தெரியவில்லை. புசல்லாவைப் பாதையில் ஓடும் சாரதிகளிடம் விசாரிக்கச் சொன்னார். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மூன்று சவரியாயி இருந்தார்கள். அவர்களில் எவளும் கொழும்பைப் பார்த்ததில்லை. ஒரு தோட்டத்தில், அப்படி ஒருத்தி இருந்தாள், குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அதுவும் உறுதியில்லை.

பெயர் அச்சிட்ட காகிதமும் போய்விட்டது. பெயர் இருப்பது அந்தக் குரலில் மட்டும். குரல் இருப்பது விரிசல் விட்ட தட்டில். இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று சொல்ல முடியாது. உடைவதற்குள் அதைக் கோவில் சனம் ஒரு தடவையாவது முழுதாக, கடைசியில் வரும் பெயர்வரைக்கும், கேட்டுவிட வேண்டும் என்று அம்புறோஸ் தீர்மானித்தார்.

அது கஷ்டமான காரியமாக அவருக்குத் தோன்றவில்லை. ஞாயிறு மாலைகளில் கோவில் ஆசீர்வாதம் முடிந்தபின் பக்கத்து வாசிகசாலையில் இருந்த பாட்டுப்பெட்டியில் அவர் பழைய தட்டுகளைப் போட்டுக் காட்டுவார். நாய், கோழி, ரயில் மாதிரியெல்லாம் சத்தம் போடும் ஒருவனின் தட்டு உண்டு. பட்டாளத்து வாத்தியக்காரர்கள் நாதஸ்வரக் கீர்த்தனத்தை ஊதிப் பார்த்த தட்டு உண்டு. பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஒரு மனிதன் தட்டு முடியும்வரை சிரிக்கிற தட்டு ஒன்று உண்டு. அதற்குத்தான் கூட்டம் அதிகம். மற்றவற்றைப் போடும்போது பேசும்படம் பார்த்துவிட்டு வந்த பையன்கள் பின்வரிசையில் இருந்துகொண்டு, "அண்ணே, குப்பை முடிஞ்சதும் புதுசு ஒண்ணு போடுங்க," என்பார்கள். அம்புறோஸ் புதுசு வைத்திருந்ததில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சவரியாயியின் தட்டை எடுத்தார். முன்னுரையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு முள்ளை வைத்தார். இரண்டாவது வரி வருவதற்குள் முன்வரிசையில் கிறேஸ் எழுந்துவிட்டாள்.

"நிப்பாட்டுங்க அதை."

"ஏன் கிறேஸக்கா?"

"எம்மகளுக்கு இன்னைக்குத்தான் கோயில்ல மொதக் கலியாண ஓலை வாசிச்சிருக்கு. கலியாணத்துக்கு நாள் வெச்சுட்டு வந்து ஒப்பாரி கேக்கவா?"

கிறேஸ் மட்டும் இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்தில் கோவிலில் கலியாணம் நடக்காது என்பதால் எல்லாரும் அதற்கு முன்னால் அவசர அவசரமாக நாள் வைத்திருந்தார்கள். அந்த அறையில் கலியாண வீட்டுக்காரர் இல்லாத வரிசை இல்லை. கோவில் மூப்பர் லோரன்ஸ், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ரயிலை நிறுத்துவது போலக் கையைத் தூக்கினார்.

"அம்புறோஸ், அதுக்குன்னு ஒரு காலம் இருக்குதில்ல. தபசுகாலம் வரட்டும்."

முள்ளை எடுத்தார். சிரிக்கிற மனிதனைப் போடச் சொன்னார்கள். போட்டார்.

தபசுகாலம் வந்தது. விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் வாசிகசாலைக்குப் போனபோது பாட்டுப்பெட்டி ஊதாத் துணியால் போர்த்திச் சணல் நூலால் கட்டப்பட்டிருந்தது. தபசுகாலத்தில் பாட்டுப்பெட்டி வாய் திறக்கக் கூடாது என்பது வாசிகசாலையின் பழைய கட்டுப்பாடு. கோவிலில் புனிதர் சுரூபங்களை மூட வாங்கிய துணியில் மிஞ்சியதை அதற்குப் பயன்படுத்தியிருந்தார்கள். துணிக்குள்ளிருந்து புனல் மட்டும் ஒரு அர்ச்சியசிஷ்டர் சிலையின் தலைபோலத் துருத்திக்கொண்டிருந்தது.

அம்புறோஸ் பங்குச் சாமியாரிடம் போனார். அவர் மூப்பரைக் கேட்கச் சொன்னார். மூப்பர் அண்ணாவியாரையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்றார். அண்ணாவியார் மனுவேல் கோட்டை வீதியில் தையல் கடை வைத்திருந்தவர். கோவிலில் பாடகர்களை நடத்துவதும், பெரிய வெள்ளியன்று ஒப்பாரியை முன்னின்று பாடுவதும் அவர்தான். அவர் தொண்டையைச் செருமினாலே கோவில் அமைதியாகிவிடும்.

"பெட்டி வாத்தியம் இல்லீங்க மூப்பர்," என்று அம்புறோஸ் தயார் செய்துகொண்டு போனதைச் சொன்னார். "அதுல வர்றது மனுசக் குரல். பெரிய வெள்ளியில மணி அடிக்கக் கூடாது, ஆர்மோனியம் தொடக் கூடாது. குரல் எடுக்கலாம்தானே?"

லோரன்ஸ் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது போலும். "அப்ப அந்தப் பிளேட்டுல ஆர்மோனியம் இல்ல?"

அம்புறோஸுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருக்குங்க. ஆனா பாதியிலேயே வழி தெரியாம நின்னுடும்."

"பாதி வாத்தியம் இருக்கு."

"ஒரு சுரந்தாங்க."

மனுவேல் அதுவரை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "பாடுறவ உசுரோட இருக்காளா?"

"தெரியலீங்க அண்ணாவியாரே."

"செத்தவளா இருந்தா? பெரிய வெள்ளியில செத்தவ எழும்பிக் கோயில் பக்கத்துல பாடுறதா? உயிர்த்தெழும்பறது ஒருத்தர்தான். அதுவும் ஞாயித்துக்கெழம."

மூப்பர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அந்தப் பேச்சுக்கு மேல் நகர வழி இருக்கவில்லை.

ஞாயிறு தவறாமல் வாசிகசாலைக்கு வரும் ஒரே சைவக்காரர் தபாற்கந்தோரில் வேலை செய்த நவரட்ணராஜா. யாழ்ப்பாணத்துக்காரர். குளக்கரையில் நடந்துகொண்டே அம்புறோஸ் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

"கலியாண மாதத்தில ஒப்பாரி கூடாது."

"கூடாதாம்."

"ஒப்பாரிக் காலத்தில பெட்டி கூடாது."

"ஆமா."

"பாஸ்குவுக்குப் பிறகு?"

"உயிர்த்த ஞாயிறு வந்துட்டா அல்லேலூயா காலம். அழக் கூடாது. அது முடிஞ்சா மறுபடியும் கலியாணம்."

"அப்ப உங்கட வருசத்தில இந்தப் பாட்டுக்கு நாளே இல்லை, அம்புறோஸ். எங்கட பஞ்சாங்கத்தில வேணுமெண்டால் பாக்கிறன். அதில ஏதாவது கழிச்சுவிட்ட நாள் கிடக்கும்."

அம்புறோஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசல் முன்பு நின்ற இடத்தில் இல்லை. தொடாமலே வளர்ந்திருந்தது.

பெரிய வெள்ளி வரும் பாடுகளின் வாரத்துக்கு முந்திய கிழமையில் ஒரு நாள், மத்தியான மழையில், குடையும் சால்வையுமாக மனுவேல் அண்ணாவியார் கட்டுக்கலை வீட்டு வாசலில் நின்றார். அவர் அதற்குமுன் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. பியட்றிஸ் கதிரையைத் துடைத்துப் போட்டு, தபசுகாலம் என்பதால் பாலில்லாத தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"இந்தப் பக்கமா அளவெடுக்க வந்தேன்," என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "அந்தப் பிளேட்டு வீட்டுலதான் இருக்கா?"

"இருக்கு."

"கேக்காம ஒண்ணை வேணாம்னு சொல்றது சரியில்லைன்னு மனசுல பட்டுச்சு. கேட்டாத்தானே சாமியாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்?"

அந்தக் கடைசி வார்த்தைக்காக அம்புறோஸ் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்தார். அண்ணாவியார் எழுந்து, தன் சால்வையைச் சுருட்டிப் புனலுக்குள் அடைத்தார். "அக்கம்பக்கத்துல தபசுகாலம்."

சால்வைக்குள்ளிருந்து சவரியாயி பாடினாள். மனுவேல் கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வந்தது. 'டக், டக்' என்று தட்டு சும்மா சுற்றியது.

"ஆர்மோனியக்காரன் மாடு," என்றார். "திருப்பிப் போடுங்க."

"விரிசல் இருக்கு அண்ணாவியாரே. ரொம்பத் தாங்காது."

"ரெண்டாவது வரியில ஒரு எறக்கம் இருக்கே, அது சரியா கேக்கல. சாமிகிட்ட என்னன்னு சொல்றது?"

திருப்பிப் போட்டார். பிறகு மறுபடியும். அண்ணாவியாரின் விரல்கள் முழங்காலில் துணி அளப்பது போல நகர்ந்தன. நாலாவது தடவையில் ஒப்பாரி முடிந்ததும் அவர் கையைக் காட்டினார். "அது போதும், பேரு வேணாம். மேலருந்து வைங்க." அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பெயருக்கு முன்பே முள்ளைத் தூக்கச் சொன்னார். அம்புறோஸ் தூக்கினார். புது எலுமிச்சை முள்ளைச் சீவினார், சாவி கொடுத்தார், வைத்தார். 'இந்தத் தடவை முடிந்ததும் சரி என்று சொல்லிவிடுவார்' என்ற எண்ணம்தான் ஒவ்வொரு தடவையும் அவர் கையை நகர்த்தியது.

'டக்' சத்தம் ஒரு சமயம் மாறியது. முள் துள்ளி ஓரத்துக்குப் போனது. தட்டு பெரிதாகச் சத்தம் போடவில்லை. பொரித்த அப்பளம் போல மெதுவாக இரண்டாகி, ஒரு பாதி பெட்டியில் சுற்றிக்கொண்டிருக்க, மறுபாதி பியட்றிஸின் காலடியில் விழுந்தது.

 அண்ணாவியார் புனலிலிருந்து சால்வையை உருவி உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பழைய சாமான்," என்றார். "நீங்க என்ன செய்வீங்க."

"சாமிகிட்ட..." என்று தொடங்கிய அம்புறோஸ், இனிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

மழை இன்னும் விடவில்லை. குடைக்குள் போய்க்கொண்டிருந்தவரின் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. பியட்றிஸ் கேட்டுக்கொண்டு நின்றாள். "என்னங்க, அந்த எறக்கம்," என்றாள். அம்புறோஸ் கதவைச் சாத்தினார்.

பெரிய வெள்ளியன்று கோவில் நிரம்பி, வெயிலில் முற்றம்வரை சனம் நின்றது. மணிக்குப் பதில் மரத்தட்டை அடித்தார்கள். சிலுவையிலிருந்து இறக்கிய சுரூபத்தைத் தாயின் காலடியில் வைத்ததும் அண்ணாவியார் செருமினார். புத்தகத்தை மூடி வைத்தார். அதைப் பார்த்தே பாடகர்கள் திகைத்தார்கள்.

உச்சியில் தொடங்கினார். மூச்சு விடாமல் இறங்கினார். ஆணி இறங்கிய கையின் வரி வந்தபோது, எந்த ஆர்மோனியமும் இல்லாமல், அந்த இறக்கம் அது இறங்க வேண்டிய இடம்வரை போனது. பின்னால் நின்ற, மடுல்கெல்லையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்த பெண்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அழுதார்கள். கோவிலில் பெரிய வெள்ளியன்று அழுவது புதிதல்ல. ஆனால் அந்தப் பெண்கள் வாயைத் திறந்து அண்ணாவியாரோடு சேர்ந்து அழுததை இதற்குமுன் யாரும் கண்டதில்லை. முன்வரிசையில் கிறேஸும் அழுதாள். லோரன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நன்றாகப் பாடினார். அதை மறுக்க முடியாததுதான் அம்புறோஸுக்கு மிகவும் கசந்தது. கடைசி வரி முடிந்தது. அம்புறோஸின் காது அடுத்ததற்காகக் காத்திருந்தது. அண்ணாவியார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முற்றத்தில் சனம் கலைந்தபின் அம்புறோஸ் அவரைப் பிடித்தார்.

"பேரைச் சொல்லல அண்ணாவியாரே."

"யாரு பேர?"

"பாடினவ பேர."

"பாடினது நான்."

"அவ பேர."

மனுவேல் கோபப்படவில்லை. "கோயில்ல பாடுறவன் பேரைச் சொல்ற வழக்கம் இருக்கா? இத்தனை வருசமாப் பாடுறேன். ஒரு நாள் பெரிய வெள்ளியில 'பாடியது மனுவேல்'னு நான் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"உங்கள எல்லாருக்கும் தெரியும்."

"அவள யாருக்கும் தெரியாது. தெரியாதவ பேரச் சொல்லி என்ன ஆகப்போவுது? பாட்டு வெளிய வரணும்னுதானே அலைஞ்சீங்க? வந்திருச்சு."

அதற்குச் சரியான பதில் ஒன்று உண்டு என்று அம்புறோஸுக்குத் தெரிந்தது. அது கட்டுக்கலைப் பாலத்தருகே வந்தபோதுதான் வாயில் வந்தது: "பாட்டு மட்டுமில்ல, பேரும் வெளிய வரணும்னுதான் அலைஞ்சேன்." பக்கத்தில் அப்போது பியட்றிஸ் மட்டும் இருந்தாள். அவளுக்கு அது ஏற்கனவே தெரியும்.

பாஸ்குவுக்கு அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் ஊதாத் துணியை அவிழ்த்தார்கள். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மனுவேல் அண்ணாவியாரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்புறோஸ் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது கிறேஸ் கேட்டாள்.

"தம்பி, பெரிய வெள்ளியில அண்ணாவியார் பாடின மாதிரி ராகத்துல ஒரு பிளேட்டு உங்ககிட்ட இருக்காது?"

சாவி நின்றது. "இருந்துச்சு, கிறேஸக்கா. ஜனவரியில போட்டேன். நீங்க நிப்பாட்டச் சொன்னீங்க."

"அதுவா?" கிறேஸ் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். "சேச்சே. அது வேற. அதுல ஒருத்தி கத்தினா."

"அவதான். புசல்லாவ சவரியாயி. அவ ராகந்தான் அது."

அறை அந்தப் பெயரைக் கேட்டது. லோரன்ஸ் நெற்றியைச் சுருக்கினார். "யாரது? அண்ணாவியாருக்கு ஏதும் சொந்தமா?"

பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. எல்லாரும் திரும்பி மனுவேலைப் பார்த்தார்கள். நவரட்ணராஜாவும் பார்த்தார்; அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த ராகம் எங்கருந்து எடுத்தீங்க அண்ணாவியாரே?" என்று கேட்டார் மூப்பர்.

மனுவேல் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார். அம்புறோஸை நேராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவது போலத்தான் இருந்தது.

"காதுல விழுந்துச்சு," என்றார்.

பிறகு, "போடுங்க தம்பி, சனம் காத்திருக்குது," என்றார்.

முன்வரிசையில் யாரோ சிரிக்கிற மனிதனைக் கேட்டார்கள். அம்புறோஸ் அந்தத் தட்டை எடுத்துத் துடைத்து, உருக்கு முள் ஒன்றை மாட்டி, வைத்தார். அந்த மனிதன் சிரிக்கத் தொடங்கினான். அறை முழுவதும் அவனோடு சேர்ந்துகொண்டது. முடிவில் வழக்கம்போல அவன் தன் பெயரைச் சொன்னான். சிரிப்புச் சத்தத்தில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.